பீரோக்காரரின் தொடைப் புகை

பீரோக்காரரின் வலது தொடையிலிருந்து முதன்முதலாகப் புகை வந்தது அவருடைய ஐம்பத்தொன்பதாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவே. அப்போது முதுகில் மனைவி இருந்தாள். யார் வீட்டிலோ பால் தீய்கிறது என்று அவள் சொல்ல, அவர் இன்னும் இரண்டு படி இறங்கினார். கால்சட்டையின் ஓரத்திலிருந்து நூல் பருமனுக்குச் சாம்பல் நிறப் புகை எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு மேலே போனது. வலிக்கிறதா என்று கேட்டவர்களிடம், வலியெல்லாம் இல்லை, கொஞ்சம் களைப்புதான் என்றார். குழாய் ஒழுகினால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படித்தான் அந்தக் கட்டடத்துக்காரர்கள் இதையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் மாடிக்காரி மட்டும் துணிக்கொடியை நாலடி தள்ளிக் கட்டினாள்.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைச் சுமப்பதுதான் அவர் தொழில். வாலிபத்தில் ஒரு நாள் கூட்டாளி வராமல் கைவிட்டதால், ஓர் இரும்பு பீரோவைத் தனியாளாக நான்கு மாடி ஏற்றிவிட்டார். அன்றைக்கு ஒட்டிய பெயர் பிறகு கழலவே இல்லை. மனைவி கீழ்த்தளத் தையல் கடையில் காஜா எடுத்துப் பட்டன் கட்டுகிறவள். பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு வாரக் காய்ச்சல் வந்து, போகும்போது அவளுடைய இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான்காம் மாடியிலிருந்த அவர்கள் வீட்டுக்கு எழுபத்திரண்டு படிகள். காலையில் அவளை முதுகில் ஏற்றி இறக்குவார், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு போவார். நாற்காலியில் வைத்து ஆளுக்கொரு பக்கம் பிடிக்கிறோம் என்று தையல்காரர் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டார். "நான் என்ன பீரோவா, ஆளுக்கொரு பக்கம் புடிக்க?" என்று அவள் கேட்டதில் மனிதர் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போய்க் காட்டியபோது டாக்டரம்மா அவர் தொடையில் காதை வைத்துக் கேட்டார். ஆச்சரியப்படவில்லை. "தசையில இருக்கற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டிக் குட்டியா நூத்துக்கணக்குல அடுப்பு இருக்கு. சாப்பிட்ட சோறும் இழுத்த மூச்சும் அங்கதான் எரியுது. வயசாக ஆகச் சிலது அணைஞ்சுடும். சிலது சரியா எரியாம புகைய ஆரம்பிக்கும். எல்லாருக்கும் உள்ளுக்குள்ள நடக்கறதுதான், உங்களுக்கு வெளிய தெரியுது," என்றார். மருந்து கேட்டதற்கு, இல்லையென்று தலையை ஆட்டினார். "வேலை குடுத்துக்கிட்டே இருங்க. படி ஏறுங்க. சும்மா மட்டும் உக்காராதீங்க."

இந்த இடத்தில்தான் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே தப்புக் கணக்குப் போட்டார்கள். வீடு திரும்பியதும் மனைவி சொன்னாள்: "நாள் பூரா நாற்காலியில உக்காந்து எழுதறவங்களுக்குச் சொல்றதை உங்களுக்கும் சொல்லியிருக்காங்க. நீங்க நாப்பது வருஷமா ஏறி இறங்கியே தேஞ்சிருக்கீங்க. இருக்கறதையாவது மிச்சம் புடிக்க வேணாமா?" துண்டு நூலைக்கூட வீசாமல் டப்பாவில் சேர்த்து வைக்கிறவள் அவள். அவள் சொன்னது அவருக்கும் நியாயமாகப் பட்டது. சுமை வேலையை அன்றோடு விட்டார். பகலெல்லாம் கட்டிலில் கிடந்தார். தண்ணீர்ச் செம்பைக்கூடக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டார். தினமும் இறங்குவதை வாரம் மூன்று நாளாகவும், பிறகு ஒரே நாளாகவும் குறைத்தார்கள். அவள் பட்டன் கட்ட வேண்டிய சட்டைகள் மூட்டையாக மேலே வந்தன. புகையும் குறைந்தது. அடுப்புக்கு ஓய்வு கிடைக்கிறது என்று இருவரும் மனசாரச் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மத்தியான வேளையில் அவர் தொடைக்குள்ளிருந்து பாத்திரங்களைக் கழுவ ஒழித்துப்போடுகிற மாதிரிச் சத்தம் கேட்டதுண்டு. பக்கத்து வீட்டில் ஏதோ கழுவுகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு எழுந்தவர், பதினைந்தாவது படியில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. படிக்கட்டு முழுக்கப் புகை நிறைந்து, இறங்க வந்தவர்கள் இருமிக்கொண்டே வழி தேடினார்கள். அவரை மட்டும் தையல்காரர் கைத்தாங்கலாக மேலே வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவள் ஒரு மணி நேரம் அந்தப் படியிலேயே சுவரில் சாய்ந்து கிடந்தாள். கடைசியில் நாற்காலி வந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே கொண்டுபோனார்கள். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா இந்த முறை கோபப்பட்டார். வேலையில்லாத அடுப்பை உடம்பு வைத்துக்கொள்ளாது, தானே பிரித்துப் போட்டுவிடும் என்றார். மறுபடி கட்டலாம், ஆனால் இந்த வயதில் நிறையக் கட்டாது, சீக்கிரமும் கட்டாது. மறுநாளே பீரோக்காரர் வெறுங்கையோடு படி ஏறினார். பிறகு தண்ணீர் கேனோடு. பிறகு தையல்காரர் ஒரு சாக்கில் வெட்டுத்துணிகளைத் திணித்து, மனைவியின் எடைக்குச் சரியாக நாற்பத்தெட்டு கிலோ நிறுத்துத் தைத்துக் கொடுத்தார். நாக்குத் தள்ள அவர் அதைச் சுமந்தார். புதிதாக ஓர் அடுப்பு பற்றும்போது தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்கும்; மனைவி ஊசியை நிறுத்திக் காது கொடுப்பாள். ஒரு வருடம் போனது. அதன் எட்டாவது மாதத்தில் சாக்கு கீழே வரை இறங்கியது. மேலே போகையில் மட்டும் இருபத்து மூன்றாவது படியில் நின்றது. அடுத்த நாளும் இருபத்து மூன்று, அடுத்த மாதமும் இருபத்து மூன்று. இறங்குவதற்கு வேண்டிய நெருப்பு வேறு, ஏறுவதற்கு வேண்டியது வேறு. தீக்குச்சிச் சத்தம் நின்றுபோய் மூன்று மாதம் ஆனதும் அவர் சாக்கை ஓரமாக வைத்தார்.

இனி அவளை ஒரே ஒருமுறை கீழே கொண்டுபோக முடியும். திரும்பக் கொண்டுவர முடியாது. இன்னொரு முறை அந்த நாற்காலியில் ஏற அவள் ஒப்பமாட்டாள். மேலே இருந்தால் ஜன்னல் உண்டு, வெயில் உண்டு, முப்பது வருட வீடு உண்டு. ஆனால் சாகும் வரை அந்த ஓர் அறைதான். கீழே கடைக்குப் பின்னால் துணிகள் அடுக்கியிருக்கும் ஜன்னலில்லாத அறையைக் காலி செய்து தருவதாகத் தையல்காரர் சொன்னார். ஒரு வாரம் அவள் ஜன்னலோரம் பட்டன் கட்டினாள், அவர் ஓரமாகக் கிடந்த சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் காலையில் அவள் தலைவாரிக்கொண்டு, "இறங்கிடலாங்க. கீழ மனுஷங்க குரலாவது கேக்கும்," என்றாள். கதவைச் சாத்தும்போது அவர் அழுதார். அதை அவள் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்தாள்.

எழுபத்திரண்டு படிக்கும் முக்கால் மணி நேரம் பிடித்தது. புகை அவர்களுக்கு முன்னாலேயே இறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. கடை வாசலில் தையல்காரர் ஸ்டூலைத் துடைத்து, அதை இழுத்து நகர்த்தத் தோதாக அடியில் சக்கரமும் மாட்டி வைத்திருந்தார். இனி அவளைத் தூக்குகிற வேலை யாருக்கும் இருக்காது. பீரோக்காரர் ஸ்டூலின் பக்கம் திரும்பி முழங்காலை மடக்கப் போனார். கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகின.

"இப்பவே இறக்கிடாதீங்க," என்றாள்.

அவர் நிமிர்ந்து நின்றார். தெருவில் போனவர்கள், தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போவதுபோல அந்தப் புகையைச் சுற்றிப் போனார்கள். கடைசி அடுப்பு தாங்கும் வரைக்கும் அவர் அவளைச் சுமந்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.