இடது கண்ணாடியில் ஒரு தாள் அதிகம்

பதினோரு வருடமாக ஒளிப்பதிவாளர் ரலிட்சாவின் கேமராவுக்கு விளக்கு வைத்தவன் ஒக்னியான். யாவோர் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆனாலும் ரூசே நகரில் படப்பிடிப்பு நடக்கும் பழைய வீட்டின் ஜன்னலை அவள் யாவோரிடம்தான் ஒப்படைத்தாள். வர்னாவில் எடுக்கப்போகும் அடுத்த படத்துக்கு விளக்குக் குழுவின் தலைவன் யார் என்று அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. ஒக்னியானுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

யாவோர் காலையிலேயே சோப்புத் தண்ணீர் தெளித்து, கண்ணாடிகளில் சாம்பல் நிற ஜெல் தாளை ஒட்டியிருந்தான். நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் பாதியாக்குகிற தாள்.

"ஒரு குமிழிகூட இல்ல, பாரு ஒக்னியான்," என்றாள் ரலிட்சா. "நீ ஒட்டினா அடிபட்ட காலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். யாவோரும் சிரித்தான்.

சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் கீழே பாலாடைக்கட்டி வைத்த பனிட்சாவைப் பிய்த்துக்கொண்டிருக்க, ஒக்னியான் தனியாக மேலே ஏறினான். இடது கண்ணாடியில் இன்னொரு தாளை ஒட்டினான். அது மட்டும் இருண்டு தெரியும். திட்டு யாவோருக்கு விழும்.

வெயில் நகரும் என்பதை அவன் மறந்துபோனான். இந்தத் தொழிலில் முதல் நாள் கற்கும் பாடம் அது. இடது கண்ணாடி வழியாகத்தான் டான்யூப் ஆறு தெரியும். எல்லோரும் மேலே வருவதற்குள் வெயில் ஆற்றின்மேல் விழுந்து தண்ணீர் தகதகத்தது. ஆனால் அந்தக் கூடுதல் தாளால் மானிட்டரில் ஆறு அலை அலையாகத் தெளிவாக நின்றது.

"அடப்பாவி யாவோர்! மதிய வெயிலுக்குக் காலையிலயே கணக்குப் போட்டியா?" என்றாள் ரலிட்சா.

யாவோர் ஜன்னலைப் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவைத்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் ஒக்னியானால் தாங்க முடியவில்லை.

"அவன் எங்க போட்டான்? நான் போட்டேன் ரலி. சாப்பாட்டு நேரத்துல!"

"நல்லதுக்குப் போட்டவன் அப்பவே சொல்லியிருப்பான்," என்றாள் ரலிட்சா.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, அண்ணே," என்றான் யாவோர்.

ரலிட்சா கேமராவுக்குத் திரும்பினாள். "யாவோர், வர்னாவுக்கு நீ வா. ஒக்னியான், மேகம் வருது. உன் தாளை உரி."

அவன் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உரித்தான். அவசரமாக ஒட்டியது. எளிதாகவே வந்தது.