அந்தரத்தில் ஏழு கை

பாட்டு டீச்சரின் புருவத்தைப் பற்றித் தெருவுக்கே தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது. காய்கறிக்காரர் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் அது நெற்றியில் பாதி தூரம் ஏறிவிடும். பள்ளியிலும் அது சும்மா இருக்கவில்லை என்பது, மூன்றாம் வகுப்பில் தையல்காரர் மகள் வாயைத் திறந்தபோதுதான் வெளியே வந்தது.

விளையாட்டு இதுதான். டீச்சர் கீபோர்டில் இரண்டு ஸ்வரம் வாசிப்பாள். இரண்டாவது மேலே போனால் பிள்ளைகள் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். கீழே இறங்கினால் முழங்காலைத் தொட வேண்டும். ஒரு மாதமாக முப்பத்திரண்டு பேரும் ஒருமுறைகூடப் பிசகவில்லை. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் தினமும் இதே புராணம்தான். பாவம் கணவர், சாப்பாட்டைவிட அதைத்தான் அதிகம் விழுங்கினார்.

"எப்படிடி இவ்வளவு சட்டுனு கண்டுபிடிக்கிற?" என்று ஒருநாள் வகுப்பில் டீச்சர் தையல்காரர் மகளைக் கொஞ்சினாள்.

"நீங்க புருவத்தத் தூக்கினா மேல மிஸ். தூக்கலன்னா கீழ. எல்லாரும் அதத்தானே பாக்குறோம்!"

டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. மறுநாள் தலைமையாசிரியை வகுப்பைப் பார்க்க வருகிறார். பிள்ளைகள் ஒன்றும் கற்கவில்லை என்று தெரிந்தால், வாரத்தில் இருக்கிற இரண்டு பாட்டு வகுப்பும் கணக்குக்குப் போய்விடும். பேசாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தப்பித்துக்கொள்ளலாம். அன்று வீட்டில் புராணம் இல்லை. கணவர் பயந்தே போனார்.

மறுநாள் தலைமையாசிரியை வந்து உட்கார்ந்ததும், அவள் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வகுப்பிலிருந்த பீரோவுக்குப் பின்னால் போனாள்.

"அங்க எங்க போறீங்க?" என்றார் தலைமையாசிரியை.

"இங்கிருந்து வாசிக்கிறேன் மேடம். காதால கேக்கட்டும்."

இரண்டு ஸ்வரம் வாசித்தாள். பிள்ளைகள் திருதிருவென விழித்தார்கள். தலைமையாசிரியை எண்ணினார்.

"மேல பதினாலு, கீழ பதினொண்ணு. இந்த ஏழு பேர் எங்கயும் இல்ல, பஸ்ஸுல கம்பி தேடுற மாதிரி கைய வெச்சுட்டு நிக்கிறாங்க. எதுங்க சரி?"

டீச்சர் எட்டிப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். பதற்றத்தில் ஒரே கட்டையையே இரண்டு தடவை அழுத்தியிருந்தாள். 'மேல' என்று சொன்னால் பதினான்கு பேர் தேறிவிடுவார்கள். தலைமையாசிரியைக்கு ஸ்வரம் எல்லாம் ஒன்றுதான். ஆனால் அந்த ஏழு பேரில் நின்ற தையல்காரர் மகள், தான் மட்டும் மக்கு என்று அழுகிற நிலைக்கு வந்திருந்தாள்.

"தப்பு என்னுது மேடம். ஒரே ஸ்வரத்த ரெண்டு தடவ வாசிச்சுட்டேன். அந்த ஏழு பேர்தான் சரி."

"இது என்னங்க புதுக்கதை!"

தலைமையாசிரியை தானே பீரோவுக்குப் பின்னால் போய், ஒரு கட்டையைக் கதவு தட்டுவதுபோல் இரண்டு முறை குத்தினார். எட்டிப் பார்த்தார். ஏழில் ஆறு பேர் கை அந்தரத்திலேயே நின்றது; புதிதாக இரண்டு கை சேர்ந்திருந்தது.

"சரி, எட்டு. மத்தவங்க ஒரு மாசமா என்ன பண்ணாங்க?"

"என் மூஞ்சியப் பாத்தாங்க மேடம். காதால கேட்டது இன்னிக்குத்தான் முதல் தடவ."

தலைமையாசிரியை பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"திங்கள் கணக்குக்கு எடுத்துக்கிறேன். வியாழன் உங்களுக்கே இருக்கட்டும்."

ஒன்று போனதே என்று டீச்சர் வாதாடவில்லை. அவர் வாசலைத் தாண்டுவதற்குள் பீரோவுக்குப் பின்னாலிருந்து அடுத்த ஸ்வரம் கேட்டது.