நான் போட்ட பதினேழு

மைத்துனன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தான். என் மனைவியின் தம்பி. அவள் இறந்து நான்கு மாதம். அவளுக்கு இருந்த ரத்தம் உறையும் கோளாறு இவனுக்கும் இருக்கிறது. கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் ஓட்டம் எவ்வளவு என்று பார்க்க டாக்டர் அனுப்பியிருந்தார். ஸ்கேன் அறையில் இன்று நான் மட்டும்தான்.

“வேற ஆளே இல்லையா?” என்றார் கூட வந்திருந்த அத்தை, அவனுடைய அம்மா. உட்காரவில்லை.

“இல்லை, அத்தை.”

“அத்தையாம். அந்த உறவு அவளோட போச்சு.”

ஜெல் தடவினேன்.

“சில்லுன்னு இருக்கு, உங்க மனசு மாதிரி,” என்றான் அவன். முன்பெல்லாம் அத்தான் என்பான். “சீக்கிரம் முடிங்க, ஸ்கேன்காரரே.”

“மூச்சை இழுத்து நிறுத்து.”

திரையில் குழாய் தெரிந்தது. அளவுக் கோட்டைக் குழாயின் போக்கிலேயே திருப்பி வைத்தேன். கோடு சாய்ந்தால் வேகம் பொய்யாக வரும். மூன்று முறை அளந்தேன். நொடிக்கு எட்டு, ஒன்பது, எட்டு சென்டிமீட்டர். குறைந்தது பதினாறு இருக்க வேண்டும்.

“ரொம்ப மெதுவா ஓடுது. இன்னிக்கே அட்மிட் ஆகணும். தள்ளிப்போட்டா அடைச்சுக்கும்.”

எழுந்து உட்கார்ந்தான். “அக்காவுக்குப் பதினேழு. நல்லா இருக்குன்னு வீட்டுக்கு அனுப்பினீங்க. பத்தாம் நாள் போயிட்டா. இப்ப எனக்கு எட்டுன்னு பூச்சாண்டி காட்டுறீங்களா? வாம்மா, போலாம்.”

அத்தை சட்டையை எடுத்து நீட்டினார்.

நான் பேசாமல் இருந்தால் அவன் வீட்டுக்குப் போவான். அங்கேயே சாவான்.

பழைய படத்தைத் திரையில் கொண்டுவந்தேன். மேலே அவள் பெயர்.

“இந்தக் கோட்டைப் பாரு. குழாய் ஒரு பக்கம் போகுது, கோடு ஒரு பக்கம் நிக்குது. அவளுக்கு முன்னாடி வந்தவங்களுக்கு வெச்ச கோடு. நான் திருப்பல. அவகிட்டப் பேசிக்கிட்டே அளந்துட்டேன். பதினேழு தப்பு. ஒன்பதுதான் இருந்திருக்கும்.”

“எப்பத் தெரியும்?” என்றார் அத்தை.

“அவ போன மறுவாரம்.”

“நாலு மாசமா வாய்க்குப் பூட்டு போட்டுட்டு இருந்திருக்கீங்க.”

“ஆமா.”

மைத்துனன் ஜெல்லைத் துடைக்காமலே சட்டையை மாட்டினான். வயிற்றில் துணி ஒட்டிக்கொண்டது. நான் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அத்தை சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

“அட்மிஷன் எங்க?”

“வெளிய போனதும் வலது பக்கம்.”

“வலதுதானே? இதுலயாவது தப்பு இல்லையே?”

வாசலில் நின்று, அவர்கள் வலது பக்கம் திரும்பும்வரை பார்த்தேன்.