நாலாம் நம்பர் ரப்பர் பூட்ஸ்

ஓசூரில் ரப்பர் பூட்ஸ் விற்காத தெரு இல்லை. என் காலுக்கு ஒரு ஜோடி கிடைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பாகலூர் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறு பெங்களூர்க்காரர்கள் வந்து சவாரி போவார்கள். நான் லத்தி அள்ளுவேன், புல் போடுவேன், குதிரைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டுவேன். சவாரியும் அங்கேயே கற்றுக்கொண்டேன். சம்பங்கி என்கிற வெள்ளைக் குதிரை என் பேச்சைத் தவிர யார் பேச்சையும் கேட்காது. அதனால், மழைக்காலத்தில் ஏரிக்கரைச் சேற்றுப் பாதையில் முன்னால் குதிரை ஓட்டி ஆட்களைக் கூட்டிப் போகும் வேலையை எனக்குத் தருவதாக முதலாளி மூர்த்தி சொன்னார். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக் காட்ட வேண்டும். தேறிவிட்டால் லத்திக் கூடையை நான் தொடவே வேண்டாம்.

"பூட்ஸ் சரியா இல்லன்னா குதிரை மேல ஏத்த மாட்டேன் நிர்மலா. அப்புறம் அழுது பிரயோஜனமில்ல" என்றும் சொல்லிவிட்டார்.

காரணம் இருக்கிறது. போன மழையில் அந்த வேலையில் இருந்தவர் கீழே விழுந்தபோது அவர் பூட்ஸ் அங்கவடியில் சிக்கிக்கொண்டது. அங்கவடி என்றால் சேணத்தில் தொங்கும் இரும்பு வளையம், அதில்தான் பாதத்தை நுழைத்து உட்காருவோம். குதிரை அவரை அப்படியே இழுத்துக்கொண்டு ஓடியது. மனிதர் இன்னும் தடி ஊன்றித்தான் நடக்கிறார்.

ஆக, எனக்கு வேண்டிய பூட்ஸ் சேற்றில் காலை விட்டுக் கழலக் கூடாது, அங்கவடியில் மாட்டவும் கூடாது. முன்பக்கம் ஒல்லியாக, கெண்டைக்காலில் கெட்டியாக, நாலாம் நம்பர். இவ்வளவுதான் கேட்டேன். தங்கத்தில் பூட்ஸ் கேட்டது போல ஒவ்வொரு கடைக்காரரும் என்னைப் பார்த்தார்.

"எல்லாம் கம்பெனிக்குப் போற சரக்கும்மா. ஆறுலருந்துதான் வரும். ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோயேன்" என்றார் ஒருவர்.

"ரெண்டு சாக்ஸ் போட்டா என் கால் பெருசாவும். உங்க பூட்ஸோட மூக்கு சின்னதாவுமா?" என்றேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

ஆன்லைனில் போட்டேன். முதலில் வந்தது கெண்டைக்காலுக்கு மேலே ஏறவே இல்லை. திருப்பி அனுப்பினேன். அடுத்து வந்த பெட்டியைப் பிரித்தால் இரண்டும் இடது கால். எந்தப் புண்ணியவான் கட்டி அனுப்பினானோ, அவன் மட்டும் அன்றைக்கு என் கையில் கிடைத்திருக்க வேண்டும்.

கடைசி வாரம் புதன்கிழமை என் வீட்டுக்காரர் மாதேஷ் பெரிய மனசு பண்ணி ஒரு ஜோடி கொண்டுவந்தார். அவர் இரும்பு உருக்கி வார்க்கும் ஒரு காஸ்டிங் கம்பெனியில் சேஃப்டி பார்ப்பவர். தூங்கும்போதுகூட ஹெல்மெட் போடச் சொல்லும் ரகம்.

"முன்னால மூக்குக்குள்ள இரும்பு இருக்குது. அம்பது கிலோ விழுந்தாலும் விரலுக்கு ஒண்ணும் ஆவாது. எடுத்துக்கினு போ."

"என் கால் மேல எவன் அம்பது கிலோ போடப்போறான்?"

"குதிரை மிதிச்சிதுன்னா?"

"ஆறு வருஷமா மிதிக்காதது இப்ப வந்து மிதிக்குதா? அட போங்க!"

சொன்னேனே தவிர, மனசு கேட்காமல் மறுநாள் அதைப் பண்ணைக்கு எடுத்துப் போய், கழற்றி வைத்திருந்த அங்கவடியில் நுழைத்துப் பார்த்தேன். அந்த இரும்பு மூக்கு முக்கி முனகி உள்ளே போனது. வெளியே வரவில்லை. சுவரில் காலை முட்டுக் கொடுத்துப் பிடுங்க வேண்டியிருந்தது. மேலே வந்து விழுவதைப் பற்றியே யோசிக்கிற ஊர் இது. நான் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை.

சாயந்திரம் பூட்ஸை அவர் முன்னால் போட்டேன். இரண்டு நாள் அவர் முறைத்துக்கொண்டு திரிந்தார்.

சனிக்கிழமை பாகலூர் பஸ் ஸ்டாப்பில், கோழிக்கறி கம்பெனி வேனிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸ். ஒல்லி மூக்கு, சின்னக் கால்! ஓடிப்போய் அவளைப் பிடித்துக் கடையை விசாரித்தேன். அங்கே நாலாம் நம்பரில் ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. முன்பக்கம் அங்கவடிக்கு அளவெடுத்தது போல இருந்தது. கெண்டைக்கால் மட்டும் மல்லுக்கு நின்றது, பவுடர் போட்டு நுழைத்தேன். கடையிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஞாயிறு காலை மாதேஷ்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். என் வெள்ளை பூட்ஸை மேலும் கீழும் பார்த்தார். பண்ணை வாசலில் சிமெண்டுத் தரை. நான் சம்பங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, மேலே கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் படாரென்று அடித்தது. சம்பங்கி மிரண்டு ஒரு எட்டு நகர்ந்து, என் வலது கால் மேல் ஏறி நின்றது. ஆறு வருடத்தில் முதல் தடவை. அதற்கு இன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது!

"என்னாச்சு நிர்மலா?" என்றார் மூர்த்தி.

"ஒண்ணுமில்ல சார்."

மாதேஷ் பார்த்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கமே திரும்பாமல் ஏறி உட்கார்ந்தேன். ஏரிக்கரையில் முழங்கால் வரை சேறு. நடுவில் இறங்கி, குதிரையை முப்பது அடி நடத்தி, மறுபடி ஏற வேண்டும். சேறு ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடித்து இழுத்தது. பூட்ஸ் அசையவில்லை. அங்கவடியில் வெண்ணெய் போலப் போனது, வந்தது. வலியில் எனக்குத்தான் காது அடைத்தது.

"அடுத்த வாரத்துலருந்து நீதான் முன்னாடி" என்றார் மூர்த்தி.

வீட்டுக்கு வந்து இடது பூட்ஸைக் கழற்றினேன். வலது வரவில்லை. கால் உள்ளேயே வீங்கி அடைத்துக்கொண்டது. மாதேஷ் கத்தரிக்கோலோடு வந்து உட்கார்ந்தார். இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"சொல்லுங்களேன்! அப்பவே சொன்னேன்னு சொல்லிடுங்க. வாய்க்குள்ளயே வெச்சிக்கினு இருக்காதீங்க!"

"விரல் ஒடைஞ்சிருக்கும் நிர்மலா. வெட்டித்தான் எடுக்கணும்."

கத்தரிக்கோலைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன்.

"விரல் ஒட்டிக்கும். இத வெட்டினா ஒட்டுமா? கடையில வேற ஜோடி இல்ல. இழுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கட்டில் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் குதிகாலைப் பிடித்து இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. பூட்ஸ் ஒரு கீறல் இல்லாமல் வந்தது.