அந்தரத்தில் நின்ற நட்டு

"மேல போட்ட கல்லு கீழ வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் நிக்குதே அண்ணா, அப்ப அது என்ன நினைக்கும்?" லிபியா சிறுமியாக இருந்தபோது இப்படிக் கேட்டாள். அதற்குப் பதில் காட்டுவதற்காக மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டு முற்றத்தில் எறியப்பட்ட இரும்பு நட்டு, அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை கீழே வரவில்லை.

எறிந்தவன் அவளுடைய அண்ணன் கிங்ஸ்டன். அன்று காலை அவன் பக்கத்து வீட்டு ஆஞ்சப்பனின் மொபெட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்டாண்டிலிருந்து கழற்றிய நட்டு கையில் இருந்தது. "நினைக்கறது இருக்கட்டும், நிக்குதான்னு பாரு பாப்பா" என்று அதை மேலே எறிந்தான். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. "ஆஞ்சப்பண்ணா, சாயங்காலம் வந்து மாட்டித் தர்றேன்" என்று கத்திக்கொண்டே ஓடியவன், நெடுஞ்சாலையைக் கடக்கும்போது லாரியில் அடிபட்டு இறந்தான். அடக்கம் முடிந்து முற்றத்தைக் கழுவ வந்தபோதுதான், நட்டு துவைக்கிற கல்லுக்கு மேலே, ஏறி நின்று கையை உயர்த்தினால் எட்டும் உயரத்தில், நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தார்கள்.

ஆஞ்சப்பன் கல்மேல் ஏறி இழுத்துப் பார்த்தார். அவருடைய தோள்தான் சுளுக்கிக்கொண்டது. பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்தார். தீர்த்தம் விழுந்தது, நட்டு விழவில்லை. காலேஜ் பையன்கள் படம் எடுத்துப் போட்டார்கள். கம்ப்யூட்டரில் செய்த வேலை என்று உலகம் அதைக் கடந்து போனது. மழை நாளில் அதற்கு நேர் கீழே ஒரு நட்டு அகலத்துக்குக் கல் காய்ந்தே இருந்தது. முதல் ஷிப்ட் பஸ் ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் அது ஒரு சுற்றுச் சுற்றியது, கிரீஸ் வாசனையும் கிங்ஸ்டன் தேய்க்கும் தேங்காயெண்ணெய் வாசனையும் முற்றம் முழுக்கப் பரவின. சில மாதங்கள் கழித்து ஆஞ்சப்பனின் மனைவி நாராயணம்மா, "சும்மாதானே நிக்குது, ஒரு வேலை செய்யட்டும்" என்று துணிக்கொடியின் ஒரு முனையை அதில் கட்டினாள். மறுமுனை ஜன்னல் கம்பியில். கொடி நன்றாகவே தாங்கியது.

ஆஞ்சப்பன் தன் நட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. கடையில் வேறு வாங்கி மாட்டினால், பிள்ளையைப் பறிகொடுத்த கிங்ஸ்டனின் அம்மா கண்ணில் அது படும் என்று ஸ்டாண்டைக் கட்டுக்கம்பியால் சுற்றி வைத்தார். வேப்பனப்பள்ளி மாமியார் வீட்டுக்குப் போய்வரும் அந்த மொபெட், எங்கே நிறுத்தினாலும் குடித்தவனைப் போலச் சாய்ந்தது. "கம்பியே நல்லாத்தான் புடிக்குது" என்று சொல்லிச் சுவரில் சாத்திவிட்டுப் போவார். கேட்காமல் இருப்பதும் ஒரு ஜெபம்தான் என்று தோன்றுகிறது.

லிபியா இயற்பியல் படிக்கப்போவதாகச் சொன்னாள். அதற்கு ஐந்து வருடப் படிப்பு, அதற்கொரு நுழைவுத் தேர்வு. நர்ஸிங் படித்தால் உடனே வேலை என்றார்கள் லைன் வீட்டுக்காரர்கள். அவளுடைய அம்மா கிருபாராணி, கணவரையும் முன்பே இழந்தவள், ரோஜாப் பண்ணையில் பூ வெட்டிக் குடும்பத்தை நடத்தியவள், வேறு காரணம் சொன்னாள். "எதை வேணா படி பாப்பா. அது மட்டும் வேணாம். உனக்குப் புரிஞ்சிட்டா அது விழுந்துடும்."

ஆனாலும் லிபியா மாலை வகுப்புக்குப் போனாள். எல்லாக் கணக்கும் போட்டாள், ஒன்றைத் தவிர. மேலே எறிந்த பொருள் உச்சியில் நிற்கும்போது அதன் முடுக்கம் என்ன என்று எந்த மாதிரித் தேர்வில் கேட்டாலும் சுழி என்றே எழுதினாள். ஆசிரியர் சௌந்தரராஜன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் தாளோடு வந்தார்.

"ஏம்மா, நிக்குதுன்னா பூமி அதை விட்டுடுச்சுன்னு அர்த்தமா? நின்னாலும் இழுத்துக்கிட்டேதான் இருக்கும். அதனாலதான் உடனே திரும்புது."

"எங்க வீட்ல திரும்பலை சார்."

வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "உங்க வீட்ல நிலாவும் கொடியிலதான் காயுதா?" என்றான். லிபியா சிரிக்கவில்லை. இழுவை ஓயவில்லை, நட்டும் விழவில்லை என்றால், யாரோ அதைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தபடியே வீட்டுக்கு நடந்தாள்.

அதன்பின் கவனித்தாள். நாராயணம்மா ஈரக் கம்பளியைக் கொடியில் போடும் நாளிலெல்லாம் கிருபாராணி வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கம்பளி காயக் காய வலி இறங்கியது. அந்தத் தோள் மற்றதைவிடத் தாழ்ந்து போயிருந்தது. பூக்கட்டு சுமந்ததால் என்றுதான் இத்தனை வருடமும் லிபியா நம்பியிருந்தாள்.

"நீதான் புடிச்சிருக்கியாம்மா?"

கிருபாராணி விரலில் ஏறிய ரோஜா முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாள். "விட்டா அவன் நிஜமாவே போயிடுவான்."

"கை வலிக்கலையா?"

"வலிக்குது." முள் வெளியே வந்தது. "வலிக்கறப்ப அவன் இங்கதான் இருக்கான்னு தெரியுது."

லிபியா அம்மாவின் தோளுக்குத் தைலம் தேய்த்தாள். தேர்வைப் பற்றி அதன்பின் அவள் பேசவில்லை. எழுதாமலே விட்டுவிடலாம் என்றும் முடிவு செய்திருந்தாள். தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கிருபாராணி பூசைக்குக் கிளம்பியபோது, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றாள். "நான் வர்றதுக்குள்ள அவன்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிடு பாப்பா. என் வாயால வரலை." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவளுடைய இரண்டு தோளும் சமமாக இருந்தன. லிபியா தேர்வு எழுதியதும், கர்நாடகத்தைத் தாண்டி ஓர் ஊரில் அவளுக்கு இடம் கிடைத்ததும் பிறகு நடந்தவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா பூசைக்குப் போனபின் முற்றத்தில் வேறு யாரும் இல்லை. ஆஞ்சப்பன் ஓவர்டைமுக்கும், நாராயணம்மா சந்தைக்கும் போயிருந்தார்கள். லிபியா துவைக்கிற கல்லின்மேல் ஏறி, நட்டுக்குக் கீழே உள்ளங்கையை விரித்தாள். "அண்ணா, அது ஒண்ணும் நினைக்கறதில்ல. நிக்கும்போதே வீட்டுக்குத் திரும்ப ஆரம்பிச்சிடுது." சற்று நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நட்டு அவள் கையில் வந்து உட்கார்ந்தது, இப்போதுதான் யாரோ கையிலிருந்து விட்டதுபோலச் சூடாக. கொடியின் முனை மட்டும் நட்டு இருந்த இடத்திலேயே, எதிலும் கட்டாமல், காற்றில் நின்றது. அதில் ஆஞ்சப்பனின் சட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கிங்ஸ்டனின் ஸ்பானரை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனாள். துருப்பிடித்த கட்டுக்கம்பியைப் பிரித்தாள். நட்டைத் தன் துப்பட்டா முனையால் துடைத்து, ஸ்டாண்டில் மாட்டி, இறுக்கினாள். பிறகு மொபெட்டைச் சுவரிலிருந்து நகர்த்தி ஸ்டாண்டில் போட்டுவிட்டுக் கையை எடுத்தாள். அது சாயாமல் நின்றது.