ஊற்று மடுவுக்கு ஒரு பலகை

எனக்குத் தூண்டில் கடை. மண்புழு, முள், நரம்பு, தக்கை எல்லாம் விற்கிறேன். மீன் பிடிக்க மட்டும் தெரியாது. நான் தூண்டில் போட்டால் புழு காணாமல் போகும், மீன் வராது. எங்கள் ஊர் ஓடையின் மீன்கள் என்னை ஒரு தர்மப் பிரபு என்று நினைத்திருக்கக்கூடும். அதனால் கடைக்கு வருகிறவர்கள் ஏதாவது சந்தேகம் கேட்டால் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுவேன். நாளடைவில் பெரிய கெட்டிக்காரன் என்று பெயர் வந்துவிட்டது.

உண்மையான கெட்டிக்காரர் என் அக்கா புருஷன். அத்தானும் வாயைத் திறக்க மாட்டார். அவர் காரணம் வேறு. எந்தப் பாறையடியில் எது கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு அங்கே இன்னொருவன் உட்கார்ந்திருப்பான். கல்யாணமான புதிதில் அக்காவுக்கே "மேல போனேன்", "கீழ போனேன்" என்று இரண்டே பதில்தான். "இவரு மீன் புடிக்கப் போறாரா, வேவு பாக்கப் போறாரா?" என்று அக்கா வந்து அம்மாவிடம் கேட்டாள்.

அவர் பிடிக்கிற புள்ளிமீனைச் சாலையோரத்து விடுதிகள் வாங்கிக்கொள்ளும். அதில்தான் அவர்கள் வீட்டு உலை கொதித்தது.

புள்ளிமீனுக்குத் தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும். கோடையில் ஓடை சுண்டி, கல் சுட ஆரம்பித்ததும் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து ஒண்டிக்கொள்ளும். பெரிய பாறைக்கு அடியில் ஊற்று கசிகிற மடு அது. கையை விட்டால் எலும்பு வரைக்கும் குளிரும். அந்த மாதங்களில் தூண்டில்காரன் எவனும் அங்கே முள் போட மாட்டான். கரையில் ஒரு பச்சைக் கிளையை வெட்டி நட்டு வைப்பார்கள். கிளை நிற்கிற வரைக்கும் மடுப் பக்கம் போகக் கூடாது. சட்டம் இல்லை, அபராதம் இல்லை. அடுத்தவன் சட்டைப்பையில் கூசாமல் கைவிடுகிற ஆள்கூட அந்தக் கிளையைத் தாண்டியதில்லை.

குளிக்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? போன வருஷம் யாரோ ஒரு புண்ணியவான் ஓடையைக் கைபேசியில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தான். அந்தக் கோடையிலிருந்து கூட்டம். பாலத்திலிருந்து என் கடை வரை வண்டிகள். ஓடையில் தண்ணீரைவிட முதுகுகள் அதிகம். ஷாம்பு நுரை, பாட்டுப் பெட்டி, குழந்தைகளின் ஈர நாப்கின், உடைந்த பாட்டில். உட்காருவதற்கு ஆழம் வேண்டுமென்று கற்களை அடுக்கிக் குறுக்கே அணை கட்டுவார்கள். இருக்கிற கொஞ்சத் தண்ணீரும் தேங்கி வெந்நீராகிவிடும். அத்தான் மாலையில் போய்க் கலைப்பார். மறுநாள் மறுபடியும் அணை.

பச்சைக் கிளையில் அவர்கள் துண்டு காயப் போட்டார்கள். ஒருநாள் அதில் ஒரு பூப்போட்ட ஜட்டியும் தொங்கியது. அத்தான் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, மேசைமேல் வைத்து, "இதுக்கு என்னடா அர்த்தம் மச்சான்?" என்று கேட்டார்.

"சின்ன சைஸுன்னு அர்த்தம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் இருவரும் சாக்கோடு போய்க் குப்பை பொறுக்குவோம். சிப்ஸ் உறைகளில் பாதியை எனக்கு அடையாளம் தெரியும். காலையில் என் கடையில் விற்றவை. தூண்டில் வாங்க ஆளில்லாத கோடையில் நான் வேறு எதை விற்பது? காலையில் விற்று மாலையில் பொறுக்குகிறேன். ஊரில் இவ்வளவு ஒழுங்காக வியாபாரம் செய்கிறவன் வேறு எவனும் இல்லை.

போன வருஷக் கோடையிலேயே மீன் பாதியாகிவிட்டது. ஐஸ் ஃபேக்டரியில் அக்கா அத்தானுக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தாள். இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரம். அங்கேயே குடியிருக்க ஒரு அறை.

"இந்தக் கோடை தாண்டட்டும்" என்றார் அத்தான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மடுல இருக்கறது பொழைச்சா மழைக்கு முட்டை வைக்கும். ரெண்டு வருஷத்துல ஓடை நெறஞ்சிரும்."

"பொழைக்கலன்னா?"

"ஐஸ் தூக்கறேன்."

"இதையேதான் போன வருஷமும் சொன்னீங்க. ஆமா, ஐஸ் தூக்கற ஒடம்பாங்க இது? மீன் தூக்கியே இடுப்பு புடிச்சிருக்கு."

"அதான் சொல்றேன், மீனு பொழைக்கணும்."

அக்கா மடித்த சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள். அவளுக்கும் போக மனமில்லை. அதை ஒத்துக்கொண்டால் அவர் இன்னும் பத்து வருஷம் நம்பிக்கையோடு ஓடைக்குப் போவார் என்று பயம்.

இரண்டு நாள் கழித்து அத்தான் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். "எழுதுடா. ஒன் எழுத்து நல்லாருக்கும்."

கடை வைப்பதற்கு முன் நான் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவன். யாராவது என் எழுத்தைப் புகழ்ந்தால் என் சொத்தைக்கூட எழுதிக் கொடுத்துவிடுவேன்; சொத்து இல்லாததால் தப்பித்தேன். ஆனாலும் கேட்டேன்: "என்ன எழுதணும்?"

"ஆழமான மடு. மீன் தங்குற எடம். யாரும் எறங்க வேணாம்."

"அத்தான், கட்டின பொண்டாட்டிகிட்டயே சொல்லாத எடம். அதப் போயி பலகைல எழுதலாமா?"

"கிளைன்னா அவங்களுக்குப் புரியல. எழுத்துன்னா புரியும்ல? படிச்சவங்கதான? மீன் இருக்குன்னு தெரிஞ்சா ஒதுங்கிப் போவாங்க."

தூண்டில் போடுகிறவனுக்குத்தான் இப்படித் தோன்றும். ஒரு மடுவில் ஒருவன் உட்கார்ந்திருந்தால் அடுத்தவன் கூப்பிடு தூரம் தள்ளி, நிழல்கூடத் தண்ணீரில் விழாமல் சுற்றிப் போவான். வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்டவர்களோடு இருந்துவிட்டு, உலகமே அப்படி என்று நினைத்துவிட்டார். நான் நீலப் பெயின்ட்டில் எழுதினேன். 'ஆழமான' என்பதைச் சிவப்பில், கொஞ்சம் பெரிதாக, நிழல் கொடுத்து எழுதினேன். இருவரும் தள்ளி நின்று பார்த்தோம். அருமையாக இருந்தது.

பலகை நட்ட சனிக்கிழமை கடையில் சோடா விற்றுக்கொண்டிருந்தேன். ஒருவன் கைபேசியில் கத்திக்கொண்டே போனான்: "மச்சி, மேல வா, மேல வா! இங்க போர்டே வெச்சிருக்கான்டா, ஆழமாம்!"

நான் கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன்.

அதுவரை முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்த கூட்டம் முழுவதும் மேலே ஏறியிருந்தது. பாறைமேல் வரிசை. ஒவ்வொருவனாகக் கூவிக்கொண்டு மடுவுக்குள் குதித்தான். என் பலகையில் செருப்புகளை மாட்டியிருந்தார்கள். மடுவின் தண்ணீர் சேறாகிக் குழம்பி, ஊற்றின் குளிர் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போயிருந்தது. மீன்கள் தப்பித்துக் கீழே போகவும் வழியில்லை, வழியில் அணை.

அத்தான் கரையில் நின்று, "எறங்காதீங்க, மீனு இருக்கு, எறங்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாட்டுப் பெட்டிச் சத்தத்தில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வாழ்க்கையில் சத்தம் போட்டுப் பழகாதவர்.

கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண்ணிடம் நான் எகிறினேன். கூட்டத்தில் என்னைத் திருப்பி அடிக்காத ஆளாகப் பார்த்துத்தானே எனக்கு வீரம் வரும். "குளிக்க வேற எடமே இல்லையாம்மா ஒங்களுக்கு?"

"இல்லைங்க" என்றாள் அவள். "எங்க தெருவுல வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணி. ஒத்த ரூமு, மேல தகரம். ராத்திரி பூரா புள்ள தூங்கல. உடம்பெல்லாம் வேர்க்குரு, பாருங்க."

பார்த்தேன். குழந்தையின் கழுத்தும் முதுகும் சிவந்து தடித்திருந்தன. இப்போது குளித்த குளிர்ச்சியில் அது என்னைப் பார்த்துச் சிரித்தது.

முதல் மீன் மதியத்துக்குப் பிறகு மேலே வந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு ஒன்று, பிறகு கொத்துக் கொத்தாக. "ஏய் மீனு! மீனு!" என்று ஒரே ஆரவாரம். வெறுங்கையால் பிடித்தார்கள். பிளாஸ்டிக் பையில் அள்ளினார்கள். அத்தான் உடுப்போடு மடுவுக்குள் இறங்கினார். ஒவ்வொரு மீனாக இரண்டு கையாலும் ஏந்தி, பாறையடியில் ஊற்று வருகிற வாய்க்கு நேராகச் செவுளைக் காட்டிப் பிடித்தார். விட்டால் மல்லாந்தது. மறுபடியும் பிடித்தார். நான்கைந்து பேர் அவரைப் படம் எடுத்தார்கள்.

கடைக்கு ஓடி, இரைமீன் வைக்கிற தொட்டியையும் காற்றுக்குமிழி விடும் மோட்டாரையும் தயார் செய்தேன். பக்கெட் பக்கெட்டாக உயிருள்ளவற்றைத் தூக்கினோம். அதற்குள் அக்கா வந்துவிட்டாள். தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"தண்ணி சுடுதேடா. ஐஸ் இல்லையா?"

"இருந்த ஐஸெல்லாம் காலைலயே வித்துட்டேன்."

"யாருக்கு?"

கையைக் காட்டினேன். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள். "ஏம்ப்பா, அந்தப் பொட்டில ஐஸ் இருக்கா? எடு. பீரா? அத வெந்நீரா குடிச்சா ஏறாதா ஒனக்கு? குடு இங்க. அங்க எம்புருஷன் செத்துக்கிட்டிருக்காரு."

"ஐயோ, ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமாக்கா?"

"ஐஸ் குடுறா மொதல்ல!"

கொடுத்தார்கள். அதை நான் மறைக்க முடியாது. ஒருவன் இரண்டு பெட்டிகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தான். பாறைமேலிருந்து முதலில் குதித்தவன் பக்கெட் சுமந்தான். கைக்குழந்தைக்காரி பாட்டுப் பெட்டிக்காரனைத் திட்டிப் பாட்டை நிறுத்தினாள். "எங்களுக்குத் தெரியாதுண்ணே" என்று என்னிடம் திரும்பத் திரும்ப ஒருவன் சொன்னான். தெரியாதுதான். தெரியாதவர்களைத் திட்டுவதில் ஒரு சுகமும் இல்லை என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

தொட்டியில் மீன்கள் நேராகின. அத்தான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஐஸை உள்ளங்கையில் வைத்துக் கரைத்துக் கரைத்து விட்டார். அவர் பாதத்திலிருந்து ரத்தம் கசிந்தது. மடுவில் பாட்டில் துண்டை மிதித்திருக்கிறார். கட்டுப் போட வந்த அக்காவிடம், "மெதுவா, தொட்டிய இடிச்சிராத" என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் மின்சாரம் போயிற்று. கோடையில் வழக்கமாகப் போகிறதுதான். மோட்டாரின் குமிழி நின்றது. நாங்கள் மூவரும் குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றினோம். கை ஓய்ந்தால் மாற்றிக்கொண்டோம். ஐஸ் தீர்ந்தது. ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கடைசி மீன் சாய்ந்த பிறகும் அத்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கா அவர் கையிலிருந்து குவளையை வாங்கினாள். "போதுங்க" என்றாள்.

மறுநாள் மடுவை அடிவரை அலசினோம். ஒன்றும் இல்லை. அத்தான் ஐஸ் ஃபேக்டரிக்குப் போன் செய்து வருவதாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற வண்டி வந்தது. வண்டி நின்றது என் கடை வாசலில். அதற்கு மேல் போக முடியாமல் குளிக்க வந்தவர்களின் வண்டிகள். கட்டிலையும் பாத்திர மூட்டைகளையும் அங்கே வரை சுமந்து வந்து ஏற்றினோம். அத்தான் கட்டுப் போட்ட காலோடு வண்டிப் படியில் சாய்ந்து நின்றார். ஒரு குடும்பம் அவரிடம் வந்தது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், காற்றடைத்த ஒரு வாத்து.

"ஐயா, இங்க புள்ளைங்க குளிக்க நல்ல எடம் எதுங்க?"

நான் குறுக்கே விழுந்து ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பாலத்துலேருந்து மேல போங்க. மொத வளைவுல எறங்காதீங்க, பாறைல பாசி, வழுக்கும். ரெண்டாவது வளைவுல மணலு. புள்ளைங்களுக்கு இடுப்பளவுதான் இருக்கும். அதுக்கு மேல ஒரு பெரிய பாறை வரும். அதுக்கடில உள்ளுக்குக் கொடைஞ்சு போகும், தலகீழாக் குதிக்க விடாதீங்க. மாட்டிக்குவாங்க. வலது பக்கமா எறங்கினா படி மாதிரி கல்லு இருக்கு. அங்கதான் தண்ணி சில்லுனு இருக்கும்."

"மீனு கடிக்குமா தாத்தா?" என்று வாத்துக்காரப் பெண் கேட்டாள்.

"இல்லம்மா" என்றார் அத்தான். "ஒண்ணும் இல்ல. தைரியமா எறங்கு."

அக்கா வண்டிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். அவர் இன்னும் முடிக்கவில்லை. கீழ் ஓடையில் எங்கே சுழி, எங்கே சேறு என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்காவும் அதையெல்லாம் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டாள். அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை. மடியில் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.