கையில்லாத நாற்காலி

படம் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து வெட்டப்பட்டது. நூற்பாலையின் செயலாளர் கந்தவேல் அதை மேசைமேல் வைத்தார். ஆலைக்குப் புதிதாக விருந்தினர் விடுதி கட்டியிருந்தார்கள். கூடத்துக்கு இருபது நாற்காலி வேண்டும்.

"அச்சு அசல் இதே மாதிரி வேணும். மூணு பேரை சாம்பிள் கொண்டுவரச் சொல்லியிருக்கேன். தலைவர் உட்கார்ந்து பார்த்து முடிவு சொல்லுவார்."

காளியண்ணன் படத்தைப் பார்த்தான். தாழ்வான, அகலமான நாற்காலி. கால்கள் நான்கும் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன. உட்காருமிடத்தில் பலகை இல்லை, நாடாப் பின்னல். கை வைக்கச் சட்டமும் இல்லை.

1976 அது. சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் அவன் பதினாறு வருடமாகத் தச்சன். பட்டறை இன்னொருவருடையது. விடுதிக்குக் கதவு செய்து கொடுத்ததில் கந்தவேலுக்கு அவனைத் தெரியும். இந்த இருபதும் கிடைத்தால் தனியாகப் பட்டறை போடலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் லாரிப் பலகைதான்.

பத்து நாளில் ஒன்று செய்து வாசலில் வைத்தான். மனைவி அங்கம்மாள் தறியை நிறுத்திவிட்டு வந்தாள். குமாரபாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண். நாற்காலியைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள்.

"இது அது இல்லீங்க."

"காலு கோணலா இருந்துச்சு. நேராக்கிப்போட்டேன். ஒசரம் பத்தல. ஏத்திட்டேன். அந்த வெள்ளக்காரன் கைய மறந்துட்டான். அதையும் வெச்சிருக்கறேன்."

"அவன் மறக்கலீங்க."

"உனக்கு லெட்டர் போட்டானாக்கும்."

"படம் அனுப்பியிருக்கறானே. அது பத்தாதா?"

அவன் உள்ளே போனான். சாப்பிட்டான். பிறகு வந்து தான் செய்த நாற்காலியில் உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உட்காருவதுபோல் முதுகு விறைத்து நின்றது. கொஞ்ச நேரத்தில் எழுந்து சுத்தியலை எடுத்து, கைகள் இரண்டையும் தட்டிக் கழற்றினான்.

முதலிலிருந்து தொடங்கினான். மரம், பாடி கட்டியதில் மிஞ்சிய வேங்கை. காலைச் சாய்க்கத் துளையையும் சாய்த்துப் போட வேண்டியிருந்தது. நான்கு கட்டை வீணானது. ஐந்தாவது உட்கார்ந்தது. முதுகுச் சாய்வுக்கு அவனுக்கு ஒரு கணக்குத் தெரியும். டிரைவர் சீட்டுக்கு ஒரு சாய்வு உண்டு. அதைவிடச் சாய்த்தால் டிரைவர் தூங்கிவிடுவான். காளியண்ணன் அதைவிட இரண்டு விரல் சாய்த்தான்.

கடையில் வாங்கிய கட்டில் நாடா நான்கே நாளில் தொய்ந்தது.

"மரம் என்னோட வேலை. அதுல குத்தமில்ல," என்றான்.

"நாடா என்னோட வேலைன்னு சொல்ல வாரீங்க. சொல்லுங்களே."

அவள் தறியில் நெய்துகொண்டிருந்த வேட்டியின் பாவு நூலை இறக்கிவிட்டாள். முறுக்கேற்றிய நூலை இரட்டையாக ஓட்டி, மூன்று விரல் அகலத்தில் நாடா நெய்தாள். அதை நனைத்து, ஈரத்தோடு இழுத்து அடித்தார்கள். காய்ந்ததும் தட்டினால் பறை மாதிரி ஒலித்தது. மேலே இரண்டு மூட்டை சிமெண்டு ஏற்றி எட்டு நாள் விட்டார்கள். மூட்டையை இறக்கிவிட்டுக் காளியண்ணன் அளந்தான். தச்சன் கணக்கில் ஒரு நூல், அரைக்கால் அங்குலம்கூட இறங்கவில்லை.

சாம்பிள் நாளில் விடுதிக் கூடத்தில் மூன்று நாற்காலிகள் வரிசையாக நின்றன. ஒன்று சேலத்துக் கடையுடையது. ஒன்று ராசிபுரம் மாதையன் செய்தது. இரண்டும் உயரமாக, நேரான காலோடு, கை வைத்து இருந்தன. மூன்றாவதின் பக்கத்தில் காளியண்ணனும் அங்கம்மாளும் நின்றார்கள்.

"மூணு பேருக்கும் ஒரே படம்தானே குடுத்தேன்?" என்றார் கந்தவேல்.

"அதுல கொஞ்சம் பிழை இருந்துச்சுங்க. சரி பண்ணிட்டோம்," என்றான் மாதையன்.

ஆலைத் தலைவர் சின்னண்ணன் வந்தார். மோகனூர்ப் பக்கம் ஐம்பது ஏக்கர் தோட்டம். கனத்த உடம்பு. சந்தையில் மாடு பார்ப்பதுபோல் மூன்றையும் சுற்றி வந்தார். சேலத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார். மாதையனுடையதிலும் அப்படியே. மூன்றாவதின் முன்னால் நின்றார்.

"இதென்னப்பா, இப்பப் பொறந்த கன்னுக்குட்டியாட்டக் காலை விரிச்சுக்கிட்டு நிக்குது. என்னையத் தாங்குமா?"

"ரெண்டு மூட்டை சிமெண்டத் தாங்குச்சுங்க," என்றான் காளியண்ணன்.

"நான் மூணு மூட்டை."

உட்கார்ந்தார். நாடா முனகியது. இறங்கவில்லை. மாதையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தான்.

கந்தவேல் ஆலைக் கிணற்றைப் பற்றி ஏதோ கேட்டார். தலைவருக்குப் பிடித்த பேச்சு அது. ஆழ்துளை போடும் ரிக்கு வண்டி எந்த இடத்தில் நிற்க வேண்டும், எத்தனை அடியில் பாறை வரும் என்று சொல்லத் தொடங்கினார். பேச்சு இருநூறு அடி போவதற்குள் செருப்பு இரண்டும் கழன்று தரையில் கிடந்தன. வலது கால் மேலே ஏறியது. பின்னாலேயே இடது கால். சம்மணம் போட்டு, முதுகைச் சாய்த்து, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். கூடத்தில் எல்லோரும் அந்தக் கால்களையே பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. அரை மணி நேரம் ஆனது.

"அப்ப எதை வெச்சுக்கலாமுங்க?" என்றார் கந்தவேல்.

"எதை?"

"நாற்காலிங்க."

தலைவர் கீழே குனிந்து பார்த்தார். "இது பரவால்ல. ஆனா ரெண்டு பக்கமும் ஒரு கை வெச்சுரச் சொல்லு. ஆபீசருங்க வருவாங்க. மொட்டையா இருக்குது."

மாதையன் தலையாட்டினான். காளியண்ணன் வாயைத் திறந்தான். வைத்துவிடுகிறேன் என்று சொல்லத்தான். அதற்குள் அங்கம்மாள் முன்னால் வந்தாள்.

"வெச்சுரலாமுங்க. கை வெச்சுட்டா உங்க முழங்காலை எங்கீங்க வெப்பீங்க?"

அப்போதுதான் அவர் தன் கால்களைப் பார்த்தார். இரண்டு முழங்காலும் இருக்கையின் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் வெளியே இருந்தன. எழுந்து, சேலத்து நாற்காலிக்குப் போய், அதில் சம்மணம் போடப் பார்த்தார். முழங்கால் கையில் இடித்தது. ஒருக்களித்துப் பார்த்தார். நடக்கவில்லை. திரும்பி வந்து பழைய இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்தார்.

"சாமி, நீ சொல்றதுதான் ரைட்டு," என்றார் அங்கம்மாளிடம். "கந்தவேலு, இதையே எழுது. ஒண்ணையும் மாத்தக் கூடாது."

கந்தவேல் எழுதினார். மாதையன் காளியண்ணனின் நாற்காலி அருகே உட்கார்ந்து, தலைவரின் முழங்காலுக்குக் கீழே கையைவிட்டு, காலின் சாய்வை விரலால் அளந்தான்.

"அளந்துக்கோ மாதையா," என்றான் காளியண்ணன். "நாலு கட்டை வீணாகும். அஞ்சாவது வரும்."

மற்ற இரண்டு நாற்காலிகளும் வண்டி ஏறின. காளியண்ணன் தன்னுடையதை எடுக்கக் காத்து நின்றான். தலைவர் எழுந்திருக்கவில்லை. மறுபடி கிணற்றுக்குள் இறங்கிவிட்டிருந்தார்.

"சாம்பிளை எடுத்துக்கறோமுங்க."

"இது கெடக்கட்டும். கந்தவேலு, இருபத்தொண்ணுன்னு போடு. இது என்ற ஊட்டுக்கு."

வெறும் வண்டியில் சங்ககிரி திரும்பினார்கள். லாரிப் பட்டறை வந்ததும் அங்கம்மாள் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"நாளைக்குச் சொல்லிக்கலாம் அம்மணி."

"இன்னைக்கே சொல்லுங்க. நானும் வாரேன்."

முதலாளி ஒரு லாரியின் அடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலையை விடுவதாகக் காளியண்ணன் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தார். எங்கே போகிறாய் என்று கேட்டார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கமுங்க," என்றான் காளியண்ணன். உள்ளே போய்த் தன் இழைப்புளியையும் ஆறு உளிகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.